தண்ணியாக் கலக்கணும் மாமா

குமாஸ்தாவின் ஸ்கூட்டர் வீட்டுக்காரரின் இரும்பு கேட்டின் மேல் சாய்ந்து கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்தியபோதுதான் கீறல் தெரிந்தது. ஒரு முழ நீளத்துக்குப் பச்சைப் பெயிண்ட் உரிந்து உள்ளே இரும்பு பல்லை இளித்தது.

"ஸ்டாண்டை ஒழுங்காப் போடுங்கன்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்" என்றாள் மனைவி.

நேற்று ஒழுங்காகப் போட்டதாகத்தான் அவருக்கு ஞாபகம். ஆனால் மனைவி சொன்ன பிறகு அந்த ஞாபகத்தின் மேல் அவருக்கே நம்பிக்கை போய்விட்டது.

மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் லேசுப்பட்ட ஆள் அல்ல. காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடித்ததற்கே, இன்னொரு தடவை ஏதாவது சேதமானால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனவர். குமாஸ்தா குடும்பம் இதுவரை மாறிய வீடுகளுக்குக் கணக்கே இல்லை. இன்னொரு முறை மூட்டை கட்ட நேர்ந்தால், மூட்டை மட்டும்தான் அவரோடு போகும், தான் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக மனைவி தெளிவாகச் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

நல்ல வேளையாக, வீட்டுக்காரர் விடிவதற்கு முன்பே மனைவியோடு காரில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். சாயங்காலம்தான் வருவாராம். அதற்குள் கீறலை மறைத்துவிட வேண்டும்.

பிரஷ்ஷால் அடித்தால் ஒட்டுப் போட்டது காட்டிக் கொடுத்துவிடும். எனவே பட்டறை வைத்திருக்கும் மைத்துனனிடம் ஸ்ப்ரே கன்னும் கம்ப்ரசரும் இரவல் வாங்கி வந்தார். கடையில் அதே பச்சையில் எனாமல் கிடைத்தது. டப்பாவில் இருந்ததை அப்படியே கன்னில் ஊற்றி விசையை அழுத்தினார். கன் இருமியதே தவிர ஒரு துளி வெளியே வரவில்லை.

மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"அவ்வளவு கெட்டியா இருந்தா எப்படி வரும்? நல்லா தண்ணியாக் கலக்கணும் மாமா."

இவ்வளவுதானா என்று குமாஸ்தா ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கலக்கினார். எண்ணெய்ப் பெயிண்ட் தண்ணீரோடு சேர்வேனா என்று அடம் பிடித்தது. திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக மிதந்தது. கலக்கியது போதாது போலிருக்கிறது என்று இன்னும் வேகமாகக் கலக்கி அடித்தார். இந்த முறை கன் துப்பியது. கீறல் அப்படியே இருக்க, அதைச் சுற்றிப் பச்சைப் பச்சையாகக் கொப்புளம் கிளம்பியது.

மறுபடியும் போன். சொம்பு விஷயத்தைச் சொன்னார்.

"மாமா, நான் தண்ணியான்னு சொன்னேன். தண்ணின்னு சொல்லல."

"ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?"

"தின்னர்."

கன்னை நன்றாகக் கழுவிவிட்டு, புது டப்பாப் பெயிண்ட்டில் தின்னரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும், குச்சியை விட்டுத் தூக்கினால் நூலாக இறங்கி, பிறகு சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், அதுதான் பதம், மறக்காமல் வடிகட்ட வேண்டும் என்றான். குமாஸ்தா டீ வடிகட்டியை எடுத்தார். மனைவியிடம் சொல்லிவிட்டு எடுக்கவில்லை.

நூல் வந்தது, சொட்டும் வந்தது. அங்கே நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் பூட்டிய பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிற ரகம் அவர். மறுபடி அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம்.

கன் இப்போது அருமையாக அடித்தது. அடித்ததெல்லாம் கேட்டில் நிற்காமல் வழிந்தது. வழிந்ததை மறைக்க அதன் மேலேயே அடித்தார், அதுவும் வழிந்தது. ஒரு கதவு முழுக்கப் புதுப் பச்சையானதும் மற்றக் கதவு சோகை பிடித்த மாதிரி தெரிந்தது, அதையும் அடித்தார். போதாக்குறைக்குக் காற்று திரும்பியது. வீட்டுக்காரர் புதிதாக அடித்திருந்த வெள்ளைச் சுவரில் பச்சைப் புகை படிந்தது. பதறிப்போய்த் துணியைத் தின்னரில் நனைத்துத் துடைத்தார். பச்சை போனது, கூடவே வெள்ளையும் துணியோடு வந்துவிட்டது.

மனைவி வெளியே வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவளோ உள்ளே போய்ப் பரணிலிருந்து அட்டைப் பெட்டிகளை இறக்கி, வாசலில் ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அப்போது தெருமுனையில் வீட்டுக்காரரின் கார் திரும்பியது. திரும்பியதும் அங்கேயே நின்றுவிட்டது. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், இறங்கவில்லை. இறங்கினால் கையை ஓங்கிவிடுவோமோ என்று அடக்கிக்கொண்டிருக்கிறார் போலும். வீட்டுக்கார அம்மா மட்டும் இறங்கி வேகமாக நடந்து வந்தாள்.

காலில் விழுந்தாவது கெஞ்சிவிடலாம் என்று குமாஸ்தா வாயைத் திறந்தார். ஆனால் அந்த அம்மாள் கேட்டையும் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. வாசலில் இருந்த பெட்டிகளைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போனது.

"அதுக்குள்ள பெட்டி கட்டிட்டீங்களா? காலையில காரைப் பின்னால எடுக்கறப்ப உங்க வண்டிய இடிச்சு கேட் மேல தள்ளினது இவர்தான், முன்னாடி இருந்தவங்க மாதிரி நீங்களும் கோவிச்சுக்கிட்டு வீட்டைக் காலி பண்ணிடுவீங்களோன்னு பயந்துதான் மனுஷன் கார்லேருந்து இறங்கவே மாட்டேங்கறாரு."