முதல் முறையாகப் பூட்டிய வீடு

அன்புள்ள தம்பிக்கு,

சின்ன அண்ணன் எழுதுவது. உன் உடம்பு நலமா என்று கேட்கிறேன். மனம் நலமா என்று கேட்க எனக்கு இப்போது முகமில்லை. இங்கே எல்லோரும் சுகம்தான், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்பதைத் தவிர.

உனக்கு ஆறு வயது இருக்கும். வரப்பில் என் பின்னால் வந்துகொண்டிருந்தவன் திடீரென்று நின்று, "அண்ணே, நம்ம வீட்ல நான் யாரோட பிள்ளை?" என்று கேட்டாய். பெரியப்பா, அப்பா, சித்தப்பா என்று மூன்று குடும்பமும் ஒரே அடுப்பில் சாப்பிட்ட வீடு அது. நான் சிரித்துவிட்டு, "எல்லாருக்கும் பிள்ளைடா" என்றேன். அது சரியான விடை என்று இத்தனை காலமும் நம்பியிருந்தேன். ஊர்ப் பிள்ளைகளின் விடைத்தாளையெல்லாம் திருத்திய வாத்தியார், தன் தாளை இப்போதுதான் திருத்துகிறேன்.

எல்லோருக்கும் பிள்ளையாக இருந்ததில் உனக்கு என்ன கிடைத்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். உனக்கு இருமல் வந்தபோது அம்மா மருந்து கொடுத்தாள். அம்மாவுக்கு வேலை இருக்குமே என்று பெரியம்மா கொடுத்தாள். பெரியம்மாவுக்கு மறதி என்று சித்தி கொடுத்தாள். சித்தி எங்கே கொடுத்திருக்கப் போகிறாள் என்று பெரியக்கா கொடுத்தாள். நீ மறுநாள் சாயங்காலம் வரை தூங்கினாய். "மருந்துன்னா இதுதான் மருந்து, இருமல் சத்தமே இல்ல பாரு" என்று அப்பா வைத்தியரைத் தேடிப் போய்ப் பாராட்டிவிட்டு வந்தார். அதே நீ, எங்களோடு பள்ளிக்கூடம் வந்து, முதல் வகுப்பில் உட்கார்ந்து, பாட்டெல்லாம் பாடி, பரீட்சை வந்தபோதுதான் பதிவேட்டில் உன் பெயரே இல்லை என்று தெரிந்தது. யாராவது சேர்த்திருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்திருக்கிறோம். தலைமை ஆசிரியர் வகுப்பு வகுப்பாக வந்து, "இது யார் வீட்டுப் பையன்?" என்று கேட்டார். ஒவ்வொரு வகுப்பிலும் நம் வீட்டுப் பிள்ளை ஒன்று எழுந்து நின்று, "எங்க வீட்டுப் பையன் சார்" என்றது. "இத்தனை பேர் இருந்துமாடா?" என்றார் அவர். அதை நாம் வெகுகாலம் பெருமையாகச் சொல்லிச் சிரித்தோம். நீயும் சிரித்தாய். வேறு என்ன செய்திருப்பாய்?

இனி அந்த நாளுக்கு வருகிறேன். மில்லில் பாய்லர் வேலை முடிந்துவிட்டது, மனைவியும் இறந்துபோன பிறகு அங்கே தனியாக இருக்கப் பிடிக்கவில்லை, பின்கட்டு அறையைக் கொடுத்தால் இனி இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று தையல்கார அண்ணனின் கடை போனில் நீ கேட்டாய். கொடுத்தால் என்று நீ கேட்டதே எங்களுக்கு அடிபட்ட மாதிரி இருந்தது. காலை ரயிலில் வருகிறாய் என்றதும் பெரியண்ணன் கூடத்தில் நின்று, "யாராவது போய்க் கூட்டிட்டு வந்துடுங்கப்பா" என்றார். எல்லோரும் "ம்" என்றோம். அந்த "ம்" இருக்கிறதே தம்பி, அதைத்தான் நம் வீட்டுக் கல்லில் வெட்டி வைக்க வேண்டும்.

காலையில் பெரியண்ணன் உன் அறைக்கு இரண்டாம் பூச்சு சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். தையல்கார அண்ணன் உனக்குத் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார். பெரியக்கா அடுப்படியை விட்டு அசையவில்லை. நான் உன் அறையில் பல்பு மாட்ட ஏணியில் நின்றேன். உனக்காக உழைத்ததில் ஒருவரும் உன்னை நினைக்கவில்லை. இலை போடும் நேரத்தில்தான் அக்கா வந்து, "தம்பி குளிச்சிட்டானா?" என்றாள்.

"வந்தாத்தானே குளிக்க" என்றார் பெரியண்ணன்.

"இன்னும் வரலையா? யாரு கூப்பிடப் போனது?"

தையல்கார அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பெரியண்ணனைப் பார்த்தேன். அவர் சுண்ணாம்பு மட்டையைப் பார்த்தார். "வாத்தியார் போயிருப்பான்னு நினைச்சேன்" என்றார். "வாத்தியார் ஏணி மேல நிக்கிறாரு, உங்க தலைக்கு மேலதான்!" என்றாள் என் மனைவி.

போன் செய்யலாம் என்றால் உன் புது நம்பர் ஒருவரிடமும் இல்லை. ஒவ்வொருவரிடமும் இருக்கும் என்று ஒவ்வொருவரும் நம்பியிருக்கிறோம். உடனே என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு ஆள் போயிருக்க வேண்டும். நம் வீட்டில் ஒன்று ஒருவரும் போக மாட்டோம், இல்லாவிட்டால் அத்தனை பேரும் போவோம். டிராக்டர் டிரெய்லரில் குஞ்சுகுளுவான் உட்பட ஏறிவிட்டோம். புறப்படும்போதுதான் வீட்டுக்குப் பூட்டே கிடையாது என்று தெரிந்தது. என்றைக்கு அந்த வீட்டில் ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது, பூட்டு வாங்க? பெரியண்ணன் பம்புசெட் அறைப் பூட்டைக் கொண்டுவந்து மாட்டினார்.

ஸ்டேஷனில் நீ இல்லை. ஒலிபெருக்கியில் கூப்பிடச் சொன்னோம். "பேர் சொல்லுங்க" என்றார் அலுவலர். கடைக்குட்டி என்றாள் அக்கா. சுண்டெலி என்றார் பெரியண்ணன். பாய்லர் என்றார் தையல்கார அண்ணன். "மொத்தம் எத்தனை பேரைத் தொலைச்சிட்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டார் அவர்.

திரும்பி வந்தால் எதிர்வீட்டுத் தச்சர் காத்திருந்தார். "உங்க தம்பி மத்தியானம் வரைக்கும் ஸ்டேஷன்ல காத்திருந்துட்டு ஆட்டோவுல வந்தாருங்க. பெட்டி, படுக்கையோட. பூட்டையே பாத்துக்கிட்டு நின்னாரு. கையில எடுத்துக்கூடப் பாத்தாரு. 'யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?'ன்னு கேட்டாரு. அதெல்லாம் இல்லைங்க, எல்லாரும் சந்தோஷமாத்தான் டிராக்டர்ல போனாங்கன்னு சொன்னேன். 'அப்ப சரி, மில் ஊர்லயே எனக்கு ஒரு ரூம் கிடைக்கும்'ன்னு அதே ஆட்டோவுல ஏறிட்டாரு."

"சந்தோஷமாப் போனாங்கன்னு ஏன்யா சொன்னே?" என்று அக்கா பாய்ந்தாள்.

"சிரிச்சிக்கிட்டுத்தானே போனீங்க? எங்க போறீங்கன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனீங்களா?"

தச்சரிடம் யாராவது சொல்லியிருப்பார்கள் என்றுதான் நினைத்தோம்.

எங்களுக்குப் பாசம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. பொதுக் கிணற்றில் தண்ணீர் இருந்தது. உன் கையில் ஒரு சொம்பு கொடுக்கத்தான் ஆள் இல்லை. வகுப்பில் "யாராவது பலகையைத் துடைங்க" என்றால் ஒரு பிள்ளையும் அசையாது, பெயர் சொன்னால் ஓடிவரும் என்று வேலைக்குச் சேர்ந்த வாரமே கற்றுக்கொண்டேன். அதைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். உன் மனைவி போன அன்று எல்லோரும் வந்து, எல்லோரும் கிளம்பினோம். யாராவது உன்னோடு நாலு நாள் தங்குவார்கள் என்று நினைத்தேன். நான் தங்கியிருக்கலாம்.

அந்த ரூமுக்கு முன்பணம் கொடுத்துவிடாதே. நீ எந்த ரயிலில் வந்தாலும் நான் மட்டும் வந்து நிற்கிறேன். வேறு ஒருவருக்கும் சொல்லப் போவதில்லை. பெரியவன் என்ற முறையில் உன்னை வாழ்த்துகிறேன்; வாழ்த்தைத் தவிர வேறு எதையும் ஒழுங்காகச் செய்யாதவனுடைய வாழ்த்து என்று தள்ளிவிடாதே.

உன் சின்ன அண்ணன்.

பின்குறிப்பு: இதைத் தபால்பெட்டியில் போடப் போனேன். பெட்டி முன்னால் பெரியக்கா நின்றாள், கையில் உனக்கு எழுதிய கடிதம். அவளுக்குப் பின்னால் தையல்கார அண்ணன், அவர் கையிலும் ஒன்று. பெரியண்ணன் காலையிலேயே போட்டுவிட்டாராம். எல்லாவற்றிலும் ஒரே விஷயம்தான்: நான் மட்டும் வருகிறேன், வேறு யாரிடமும் சொல்லாதே. ஆகவே மேலே நான் கொடுத்த வாக்கு செல்லாது. மறுபடியும் எல்லோரும் வருவோம், அல்லது ஒருவரும் வர மாட்டோம். இனி உன் கையில்தான் இருக்கிறது. எங்களில் ஒருவரை நீயே தேர்ந்தெடு. அது நானாக இல்லாவிட்டாலும் வருத்தமில்லை. அவரை மட்டும் போனில் கூப்பிட்டு, "நீங்க வாங்க" என்று சொல்.