ஐந்து முறை 'ஒய்'

மனித குலம் கண்டெடுத்த செல்வங்களில் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்த இடம் 'ஒய்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கே உரியது. அந்தச் சட்டைத் தொழிற்சாலைக்கு அது ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு, டை கட்டிய பயிற்சியாளர் ஒருவரின் திருவாய் வழியாக வந்து சேர்ந்தது.

"எந்தப் பிரச்சினை வந்தாலும் அஞ்சு தடவ ஒய்னு கேளுங்க. ஆணிவேர் கையோட வந்துடும்."

தையல் பிரிவு மேஸ்திரி, எழுத்தரின் காதைக் கடித்தார். "நம்மள எதுக்குய்யா 'ஓய் ஓய்'ங்கிறாரு? ஒரு மரியாத வேணாம்?"

எழுத்தர் சிரிக்கவில்லை. பத்தொன்பது வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுபவர். சொன்னதை எழுதுவார், நடந்ததை எழுதமாட்டார். அதனால் நல்ல பெயர்.

புதன்கிழமை, நான்காம் வரிசைத் தையல்காரியின் ஆள்காட்டி விரலில் ஊசி இறங்கி, நகத்தைத் துளைத்து, உள்ளேயே முறிந்தது. நிர்வாகம் பதறவில்லை. பயிற்சியாளரையும் உட்காரவைத்து 'ஒய்'க் கூட்டம் கூட்டியது.

"ஒய் குத்திச்சு?" மேலாளர் கட்டைவிரலை மடக்கினார்.

"விரல் ஊசிக்கு அடியில போயிடுச்சு சார்," என்றார் மேஸ்திரி.

"ஒய் போச்சு?"

"தடுப்புக் கம்பி இல்ல சார்."

"ஒய் இல்ல?"

"எல்லா மெஷின்லயும் கழட்டிட்டோம் சார்."

"ஒய் கழட்டுனீங்க?"

"கம்பி இருந்தா வேகம் வராது. மணிக்கு அறுபது காலர் தைக்கணுமே!"

மேலாளர் உற்சாகத்தின் உச்சியில் சுண்டுவிரலையும் மடக்கினார். "ஒய் அறுபது?"

மேஸ்திரி கூரையைப் பார்த்தார். "நீங்கதானே சார் போன மாசம் நாப்பத அறுபதாக்குனீங்க."

பயிற்சியாளர் தொண்டையைச் செருமினார். "ஆக்சுவலா, சின்னக் கம்பெனிக்கு அஞ்சு ஜாஸ்தி சார். ஒண்ணே போதும்."

கைதட்டல் எழுந்தது. எழுத்தர், 'தடுப்புக் கம்பி' என்று எழுதியிருந்ததை ஸ்கேல் வைத்து அடித்தார். இறுதிக் குறிப்பு: 'காரணம்: விரல் ஊசிக்கு அடியில் சென்றது. தீர்வு: விரலுக்குத் தக்க அறிவுரை வழங்கப்படும்.'

கையெழுத்து வாங்க முதலுதவி அறைக்குப் போனார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்தபடி தையல்காரி முழுவதையும் படித்தாள்.

"அண்ணே, கம்பியக் கழட்டுனது இதுல இல்லியே. ஏன்?"

"மெதுவா பேசும்மா."

"ஏண்ணே மெதுவா பேசணும்?"

அவருக்குப் பதில் தெரிந்திருந்தது. அதனால் தரையைப் பார்த்தார். அவள் தாளோடு எழுந்து நேரே மேலாளர் அறைக்குப் போய், இடக்கையால் கதவைத் தள்ளி, நல்ல தமிழில் ஒரே ஒரு தடவை கேட்டாள்: "ஏன் சார்?"

அரை மணி நேரத்தில் எழுத்தருக்கு அழைப்பு வந்தது. மேலாளர் சொல்லச் சொல்ல, அவளுடைய பணிநீக்க ஆணையைப் பிழையில்லாமல் எழுதினார். ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"காரணம்னு ஒண்ணு கேக்குது சார். என்ன போட?"

"அதையே போடுய்யா," என்றார் மேலாளர். "காரணம் கேட்டது."