பெஞ்சை எடுத்தது நான்தான், அக்கா

என்றும் அன்பும் மரியாதையும் குறையாத அக்காவுக்கு, உன் ஒரே தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நலம். என் ரத்த அழுத்தம் எங்கள் இருவரையும்விட நலம். அங்கே உன் முழங்காலும், மாமாவின் பசியும், பேத்தியின் படிப்பும் நலமாக இருக்க வேண்டும். மாமாவின் இருமல் மட்டும் நலமில்லாமல் ஒழிந்துபோயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ முடித்துவிடுவாய், அதுவும் எனக்கு எதிராக முடிப்பாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை.

பத்து நாளுக்கு முன் நீ என் வீட்டுக்காரிக்குப் போன் செய்து, "எங்க பஸ் ஸ்டாப்புல இருந்த பெஞ்சைப் பேத்து எடுத்துட்டுப் போயிட்டாங்கடி. எந்தப் புண்ணியவான் பார்த்த வேலைன்னு உன் புருஷன்கிட்ட கேட்டுச் சொல்லு, அவன்தான் மாநகராட்சி கமிட்டியில பெரிய ஆளாச்சே" என்றாயாம். விசாரித்துவிட்டேன். அந்தப் புண்ணியவான் நான்தான். அவசரப்பட்டுக் கடிதத்தைக் கிழிக்காதே. முழுக்கப் படித்தால் நீயே எனக்கு நன்றி சொல்வாய்.

எடை அளவு ஆய்வாளராக முப்பத்திரண்டு வருடம் ஊரில் இருக்கிற தராசுகளையெல்லாம் நடுங்கவைத்தவன் நான் என்பது உனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கிறேனே என்று மாநகராட்சியின் தொழில்நுட்பக் கொள்முதல் குழுவில் பொதுமக்கள் சார்பாக என்னைப் போட்டார்கள். ஆள் வராத பஸ் நிறுத்தங்களை மூடிவிட்டால் பஸ்கள் வேகமாகப் போகும் என்பது ஆணையரின் யோசனை. தினமும் நாற்பது பேருக்குக் குறைவாகக் காத்திருக்கும் நிறுத்தம் மூடப்படும் என்று தீர்மானம் போட்டோம். சரி, நாற்பது பேர் காத்திருக்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "ஒரு ஆளை ஸ்டூல் போட்டு உக்காரவெச்சா எண்ணிட்டுப் போறான்" என்றாள் என் வீட்டுக்காரி. அவளுக்கு நவீன நிர்வாகம் புரியாது. நாங்கள் கேமரா வைத்த எண்ணும் கருவி வாங்க டெண்டர் விட்டோம்.

மூன்று கம்பெனிகள் வந்தன. முதல் கம்பெனியின் கருவி நிற்கிறவர், உட்கார்ந்தவர், இடுப்பில் இருக்கிற குழந்தை எல்லாரையும் எண்ணியது, எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. இரண்டாவது கருவி ஆட்களை எண்ணுவதோடு மழை வருமா என்றும் சொன்னது. மூன்றாவதுதான் விலை குறைவு, ஆகவே மூன்றாவதை வாங்கினோம். பிடித்ததை வாங்குவது வீட்டுக்கு, விலை குறைந்ததை வாங்குவது அலுவலகத்துக்கு, இதில் விவாதத்துக்கே இடமில்லை. கையெழுத்துப் போடுகிற நேரத்தில் அந்தக் கம்பெனி ஆள், "சார், காத்திருக்கிற பயணின்னு போட்டிருக்கீங்க. காத்திருக்கிறதுன்னா என்னன்னு டெண்டர்ல இல்லையே?" என்று கேட்டுவிட்டார். ஆணையர் மின்விசிறியைப் பார்த்தார். பொறியாளர் ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். நான் எழுந்தேன். "ஒரே இடத்துல ரெண்டு நிமிஷம் நின்னா அது காத்திருக்கிறது. உக்காந்தா அது ஓய்வு" என்றேன். பொறியாளர் மட்டும் மெதுவாக, "அப்போ பெஞ்ச் இருக்கிற ஸ்டாப்புல என்ன சார் பண்றது?" என்றார். "பஸ் நெஜமாவே வேணும்னா எந்திரிச்சு நிப்பாங்க" என்றேன். அவர் இன்னொரு பிஸ்கட் எடுத்தார். என் விளக்கம் கூட்டக் குறிப்பில் என் பெயரோடு இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

முதல் மாத அறிக்கை வந்தது. மூட வேண்டிய நிறுத்தங்களில் முதலாவதாக உன் வீட்டு நிறுத்தம் இருந்தது. ஒரு நாளைக்குக் காத்திருந்தவர்கள் நான்கு பேர். அந்த நான்கிலும் இரண்டு பேர் கம்பத்துக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர்கள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை, அக்கா. வாரத்தில் மூன்று நாள் உன் முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரிக்கு அந்த பஸ்ஸில்தான் போகிறாய். அடுத்த நிறுத்தம் ஒரு கிலோமீட்டர், அதுவும் முழுக்க மேடு. இந்த நிறுத்தம் போனால் உன் ஆஸ்பத்திரியும் போயிற்று. பயிற்சியை விட்டால் நீ கட்டிலோடுதான் என்று டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு உன் நிறுத்தத்துக்கு நேரிலேயே வந்தேன். நீ பார்த்தால் குடைந்து கேள்வி கேட்பாய் என்று ஒரு லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஆறு பேர் உட்கார வேண்டிய பெஞ்சில் ஒன்பது பேர். நடுவில் நீ, மடியில் பை. இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் பின்னால் இருக்கிற குட்டைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலே கம்பத்தில் நம் கருவி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஒருவரையும் கண்டுகொள்ளாமல் இருந்தது. ஓய்வெடுக்கிறவர்களை அது எப்படிக் கண்டுகொள்ளும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகக் கருவியைக் குறை சொல்கிற ஆள் நான் இல்லை. விளக்கத்தை மாற்றலாமா என்று அலுவலகத்தில் கேட்டேன். அதற்குத் துணைக்குழு வேண்டும், சட்டப் பிரிவின் கருத்து வேண்டும், கம்பெனி மறுபடி டெண்டர் கேட்கும், எட்டு மாதமாகும் என்றார்கள். பெஞ்சை எடுக்க எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். கிடங்குக்கு ஒரு சீட்டு எழுதினால் மத்தியானத்துக்குள் எடுத்துவிடுவோம் என்றார்கள். புத்திசாலி எதைச் செய்வான் என்று நீயே சொல். பெஞ்சை எடுத்த கையோடு, குட்டைச் சுவர்மேல் யாரும் உட்காராதபடி கூர்க்கம்பிகளும் பதிக்கச் சொல்லிவிட்டேன். அரைகுறை வேலை என்றால்தான் எனக்குப் பிடிக்காதே.

பலனைக் கேள். ஒரே வாரத்தில் உன் நிறுத்தத்தில் ஒரு நாளைக்குக் காத்திருப்பவர்கள் நூற்று அறுபத்து மூன்று பேர்! நானே அறுபது வந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆணையர் அறிக்கையை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஒரு பெஞ்சை எடுத்தா பயணிகள் நாற்பது மடங்கு கூடறாங்கய்யா! இத்தனை வருஷமா இது நமக்குத் தெரியாமப் போச்சே" என்றார். ஊரில் இருக்கிற எல்லா நிறுத்தங்களிலும் பெஞ்சுகளை எடுத்துவிடுவது என்று அங்கேயே ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அந்த வேலைக்குத் தலைவர் உன் தம்பி. பொறியாளர்கூடக் கை கொடுத்தார், கொடுத்துவிட்டு பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பொறாமையாக இருக்கும்.

ஆகவே உன் நிறுத்தத்தை இனி யாராலும் அசைக்க முடியாது. நின்றுகொண்டிருப்பது உன் காலுக்குச் சிரமம்தான், நான் கல்நெஞ்சன் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றால் பஸ் வந்துவிடப்போகிறது. பத்து நாளாக நீ போன் செய்யாததிலிருந்தே உன் கோபம் ஆறிவிட்டது என்று புரிந்துகொண்டேன். மாமாவுக்கு என் வணக்கம், பேத்திக்கு என் முத்தம். மூத்தவளாகிய நீ அங்கிருந்தபடியே என் தலையில் கை வைத்து ஆசி சொல்லு. குட்டாமல் சொல்லு.

இப்படிக்கு,
உன் சொல்லைத் தட்டாத தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடலாம் என்று பார்த்தேன், பேனாவில் அவ்வளவு மை இல்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட இன்று காலை உன் வீட்டு வழியாகப் போகிற பஸ்ஸில்தான் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உன் நிறுத்தம் வந்ததும் அந்த நூற்று அறுபத்து மூன்று பேரைக் கண்ணாரப் பார்க்கலாம் என்று எட்டிப் பார்த்தேன். இருபது பேர்தான் இருந்தார்கள். பஸ் நிற்கவே இல்லை. ஓட்டுநரிடம் ஓடினேன்.

"ஸ்டாப்பா? பெஞ்ச் இருந்தவரைக்கும் ஸ்டாப்பு சார். அங்க போர்டே கெடையாது, பெஞ்சுதான் எங்களுக்கு அடையாளம். அதை எடுத்ததும் ஸ்டாப்பையே எடுத்துட்டாங்கன்னு நெனச்சோம்" என்றார்.

"அத்தனை பேர் நிக்கிறாங்களேய்யா, கண்ணு தெரியலையா?"

"அதான் சார் எங்களுக்கும் புரியல. ஏதோ போராட்டம்னு பேசிக்கிட்டோம். அங்க யாராவது எறங்கணும்னா நிறுத்துவோம், அப்ப நாலஞ்சு பேர் ஏறிக்குவாங்க. இல்லைன்னா மணிக்கணக்கா ரோட்டுக்கு வர்றதும், எட்டிப் பாக்கறதும், திரும்பப் போய் நிக்கிறதுமா இருக்காங்க."

ஒவ்வொரு தடவை திரும்பி வந்து நிற்கும்போதும் கருவி அவர்களைப் புதிதாக எண்ணியிருக்கிறது. பஸ் நிற்காததால்தான் எண்ணிக்கை ஏறியிருக்கிறது, அக்கா. முப்பத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு கள்ளத் தராசை நான் பார்த்ததில்லை. அந்த இருபது பேரில் நீயும் இருந்தாய். ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையை ஆட்டி பஸ்ஸைக் கூப்பிட்டாய். நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு உன்னைக் கடந்துபோனேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடி வந்தேன். "பெரியம்மா முடியலைன்னு வீட்டுக்குப் போயிட்டாங்க. பத்து நாளா இதே கதைதான்" என்றார் பக்கத்தில் நின்றவர். எனக்கு அழுகை வந்துவிட்டது. கருவிக்குக் கீழேயே நின்று அழுதேன்.

பெஞ்சைத் திரும்பப் போட வேண்டுமென்றால் தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டும். மூன்று மாதமாவது ஆகும். சண்டை போட்டாவது செய்கிறேன். அதுவரை, உனக்கு ஆஸ்பத்திரி இருக்கிற மூன்று நாளும் காலை எட்டேகால் பஸ்ஸில் முந்தின நிறுத்தத்தில் நான் ஏறிவிடுவேன். உன் நிறுத்தத்தில் இறங்குவேன். இறங்க ஆள் இருந்தால் நிறுத்தித்தானே ஆக வேண்டும்? நான் இறங்குகிறேன், நீ ஏறிக்கொள். நாளைக்கே வருகிறேன். பெல் அடிக்கத் தைரியம் இல்லாததால் இதை உன் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன். என்னைத் திட்ட வேண்டியதையெல்லாம் படியில் வைத்துத் திட்டாதே, பஸ் கிளம்பிவிடும்.