கூப்பிட்டால் ஓடாத சர்வர்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அடுத்தபடியாக நான் எங்கள் அலுவலகத்துக்கு மெயில் சர்வர் அமைத்தேன். இடையில் நடந்ததெல்லாம் சில்லறை விஷயம்.

எங்கள் நீரேற்று நிலையங்கள் மலைமேல் இருக்கின்றன. அங்குள்ள கணினிகளுக்குக் காலையில் கொஞ்ச நேரம்தான் இணைப்பு வரும்; அப்புறம் போனது போனதுதான். ஆகவே அவற்றுக்கான மெயில்களைத் தலைமையக சர்வர் வரிசையில் நிறுத்திவைக்க வேண்டும். நிறுத்திவைப்பது எங்கள் அலுவலகத்துக்குப் புதிதா என்ன? கச்சிதமாகச் செய்தேன்.

"லைன் வந்ததும் மலை மெஷின் ஒரு குரல் குடுக்கும்ல? அப்பவே எல்லாத்தையும் அனுப்பிட முடியாதா?" என்றார் மேலாளர்.

"ஒரு வரி எழுதினா முடியும் சார். ஆனா துணை நிலையம் கூப்பிட்டா தலைமையகம் ஓடறதா? நமக்குன்னு ஒரு கௌரவம் இல்லையா? நமக்குத் தோதான நேரத்துல நாமளா போய்க் குடுப்போம்."

மேலாளர் நெகிழ்ந்துபோய் எழுந்து கைகுலுக்கினார்.

தோதான நேரம் என்பது என் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. தினமும் அந்த நேரத்தில் சர்வர் மலைக்குப் போய்க் கதவைத் தட்டும். லைன் இருக்காது. 'முயற்சி மேற்கொள்ளப்பட்டது' என்று எழுதிவிட்டுத் திரும்பிவிடும். 'உங்களுக்கு மெயில் காத்திருக்கிறது' என்று ஓர் அறிவிப்பு மெயிலும் அனுப்ப ஏற்பாடு செய்திருந்தேன். அதுவும் வரிசையில் பின்னால் போய் நின்றுகொண்டது.

ஒருநாள் மலை நிலைய ஆபரேட்டர் நேரிலேயே வந்து நின்றார்.

"தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டிருந்தேன் சார். பதிலே வரல."

நான் திரையைப் பெருமையோடு அவர் பக்கம் திருப்பினேன். "யார் சொன்னா? அன்னைக்கே அனுமதி குடுத்தாச்சு. பாருங்க, ஒரு எழுத்துகூடச் சிதையாம பத்திரமா இருக்கு. ஆமா, ஃபோன்ல கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன். மெயில்ல வந்தாத்தான் செல்லும்னு நீங்கதான் சொன்னீங்க. மெயில் வராம மோட்டாரை விட்டுட்டுப் போனா வேலை போயிடுமே சார்."

"சரி விடுங்க, இப்பவே கெளம்புங்க. கல்யாணம் எப்போ?"

"முடிஞ்சிடுச்சு சார். அண்ணன் எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சாம்." அவர் தரையைப் பார்த்தார். "என் மெஷின் தெனம் காலைல கூப்பிட்டுதே சார். இங்க கேக்கவே இல்லையா?"

கேட்டது. எல்லாக் குரலும் பதிவாகியிருந்தது. என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியை நின்றபடியே எழுதினேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

இன்றுவரை என் சர்வர் ஒரு மெயிலையும் தொலைத்ததில்லை என்று ஆண்டறிக்கையில் மேலாளர் பாராட்டியிருக்கிறார். உண்மைதான். கூப்பிட்ட குரல் காதில் விழுந்தும் சும்மா இருந்தது என்பதைத் தவிர சர்வர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுவும் சர்வருக்குத் தானாக வந்த குணமில்லை, அமைத்தவனுடையது.