எண்பத்தெட்டாம் பாட்டின் மூன்றாம் அடி

மதிப்புக்குரிய பெரியப்பாவுக்கு,

2019 மார்ச் 12, செவ்வாய், பிற்பகல் 2.10. உங்கள் பக்திப் பாட்டு நோட்டில் மொத்தம் 214 பாட்டு. 213 படித்து முடித்தேன். 88 மனப்பாடம் என்பதால் தாண்டிவிட்டேன். நான் நலம். நீங்கள் நலமா என்பதுதான் இந்தக் கடிதமே. போன் செய்தால் என் குரல் கேட்டதும் பெரியம்மா கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன். உங்கள் ஸ்கூட்டர் சாவியையும் நோட்டையும் சொல்லாமல் எடுத்து வந்தது தப்பு என்று நினைக்கிறீர்கள். தப்பில்லை. காரணம் கீழே.

என் வேலை உங்களுக்குத் தெரியும். தலையில் இருபத்தொரு வயரைப் பசை போட்டு ஒட்டி, மூளை ஓடுகிற ஓட்டத்தைக் கோடுகளாக எடுக்கிற ஈஇஜி வேலை. அந்தக் கண்ணோடு படித்தால் இந்தப் பாட்டுகள் வேறு மாதிரி தெரிகின்றன. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இவற்றைப் பாடிவிட்டுப் பெயர்கூட வைக்காமல் போன அந்த மனிதருக்கு உடம்பு நடுங்கியது 37 இடம், இல்லாத பூவின் வாசனை வந்தது 11, யாரோ காதருகே பேசியது 52, சோறும் தூக்கமும் பிடிக்காமல் சுவரைப் பார்த்துக் கிடந்தது 64, அழுதது எத்தனை என்று பாதியில் எண்ணுவதை விட்டுவிட்டேன். வலிப்பு, மனச்சோர்வு, பிரமை எல்லாம் ஒரே ஆளுக்கு. அட்டவணை போட்டு எங்கள் நரம்பு டாக்டரிடம் காட்டினேன். “செத்துப்போனவருக்கு நான் மாத்திரை எழுத முடியாதுப்பா, உயிரோட யாராவது இருந்தா கூட்டிட்டு வா” என்றார். இருக்கிறாரே என்றேன்.

ஞாபகம் இருக்கிறதா, சாயங்காலம் ஹாலில் பிள்ளைகள் எங்கள் ஐந்து பேரையும் வரிசையாக உட்கார வைத்து நீங்கள் 88 பாடுவீர்கள். இரண்டாவது அடி முடியும், அப்படியே நின்றுவிடுவீர்கள். கண் சுவரில் குத்தி நிற்கும், உதடு மட்டும் லேசாக அசையும். பெரியம்மா குக்கர் விசில் வந்துவிடுமோ என்று ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள், பக்கத்து வீட்டுத் தையல்காரர் மெஷினில் இருந்து காலை எடுத்துவிடுவார், நான் முதுகுக்குப் பின்னால் விரல் மடக்குவேன், சரியாக ஒன்பது. பிறகு அடுத்த அடி வரும். “பெரியப்பா அங்க போயிட்டு வர்றார்டா” என்று அம்மா சொல்வாள். அந்த ஒன்பது விநாடி மாதிரி அமைதியை அதற்கப்புறம் நான் எங்கேயும் பார்க்கவில்லை, ஆஸ்பத்திரியில்கூட. ஆனால் போன மாதம் வந்தபோது அதே நிறுத்தம், அதே பார்வை, அதே உதடு. கிளம்பும்போது சாவியையும் நோட்டையும் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு வகை வலிப்பு இப்படித்தான் வரும். அது ஹாலில் வந்தால் பக்தி, ஸ்கூட்டரில் வந்தால் லாரிக்கு அடியில். “என் பக்திக்கு வயர் மாட்டப் போறியாடா” என்று கேட்டீர்கள். ஆமாம், மாட்டத்தான் போகிறேன். வியாழன் காலை ஒன்பதுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாருங்கள், வயரோடு 88 பாடுங்கள். கோடு சுத்தமாக இருந்தால் சாவி அங்கேயே கையில். அதுவரை என் டிராயரில்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. தையல்காரருக்கு விசாரிப்பு. என்மேல் கோபம் குறையாவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிடவும்.

இப்படிக்கு,
சாவி திருடிய தம்பி மகன்

பின்குறிப்பு: மாலை 4.35. உங்கள் பதிவோடு ஒப்பிட நல்ல தலை ஒன்று வேண்டுமே என்று என் தலையில் வயர் ஒட்டிக்கொண்டேன். சீனியர் அக்கா மெஷினை ஓட்ட, 88 பாடினேன். இரண்டாவது அடி முடிந்ததும் நின்றேன். ஒன்பது விநாடி. கோடு சுத்தம்.

“ஏன்டா நிறுத்தின?”

“அங்க நிறுத்தணும்க்கா.”

“யார் சொன்னா?”

வயரோடேயே நோட்டைத் திறந்தேன். 88-இல் மூன்றாம் அடி இருக்கும் இடத்தில் தண்ணீர் பட்டு மை கரைந்து ஒரு நீலத் திட்டு; நிறுத்தத்துக்குப் பிறகு நாம் பாடுவது நான்காம் அடி. ஓரத்தில் பென்சிலில், உங்கள் இளவயதுக் கையெழுத்தில்: அப்பாவைக் கேட்டு எழுதணும். தாத்தா போனது நான் பிறப்பதற்கு முன்.

இனி நான் செய்யப்போவது:

1. வியாழக்கிழமை முன்பதிவை ரத்து செய்வேன்.
2. அட்டவணையில் கடைசியாகச் சேர்த்த உங்கள் பெயரை அடிப்பேன். அந்தப் பழைய மனிதரை அடிக்க மாட்டேன், அவர்மேல் சந்தேகம் அப்படியேதான் இருக்கிறது.
3. சனிக்கிழமை சாவியோடும் நோட்டோடும் நேரில் வருவேன். திட்டுவதை வாசலிலேயே முடித்துவிடவும்.
4. ஹாலில் என் பழைய இடத்தில் உட்காருவேன். இரண்டாவது அடி முடிந்ததும் நானும் தாத்தாவைக் கேட்பேன். விரல் மடக்க மாட்டேன்.