அயர்லாந்துக்காரருக்கு நான் தலைவரான கதை

அண்டைக்கு எனக்கிருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். தேவாலய மண்டபத்துக்குப் போய் எங்கட வீட்டுச் சமையல் கிடாரத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு வாறது.

எழுபதுகளின்ர நடுப்பகுதி. மெல்பனில, கிளேட்டனில இருந்தனாங்கள். எங்கட தெருவில தமிழர் எண்டால் நானும் மனுசி சரோஜாவும்தான். பக்கத்து வீட்டில மோரீன், அயர்லாந்தில இருந்து வந்த நர்ஸ். முதல்நாள் வேலிக்கு மேலால எட்டி, "பெரிய பானை இருந்தால் தாங்கோ, நாளைக்கு எங்கட ஆக்கள் கூடுகினம்" எண்டு கிடாரத்தை வாங்கிக்கொண்டு போனவ.

கூட்டத்துக்குக் காரணம் மைக்கல் எண்ட கிழவர். கட்டட வேலை செய்து ஓய்ஞ்ச மனுசன், தனியா ஒரு அறையில இருந்தவர். விழுந்து இடுப்பு முறிஞ்சு கிடந்தவரை ஆரும் தேடேல்லை. கடைசியில மோரீன்ர வார்டுக்குத்தான் கொண்டுவந்தவை. "இனி எங்கட ஆக்கள் ஒருத்தரும் அப்பிடிக் கிடக்கக்கூடாது. ஒரு சங்கம் வேணும்" எண்டு அவ முடிவெடுத்திட்டா.

நான் போகேக்க கூட்டம் முடிஞ்சிருக்க வேணும். முடியேல்லை. கிடாரத்தில பாதிக்கு மேல சூப். "இதைக் குடிச்சு முடிக்குமட்டும் இருங்கோ" எண்டு மோரீன் ஒரு கதிரையை இழுத்துப் போட்டா. இருந்தன்.

மண்டபத்தில சண்டை. சங்கம் வேணும் எண்டதில எல்லாருக்கும் ஒரே கருத்து. தலைவர் ஆர் எண்டதிலதான் பிரச்சினை. அவைக்குக் கவுண்டி எண்டால் எங்கட மாவட்டம் மாதிரி. கோர்க் ஆள் தலைவரானால் மேயோக்காரர் வரமாட்டினமாம். மேயோ ஆள் எண்டால் கெரிக்காரர் எழும்பிப் போயிடுவினமாம். எனக்கு ஊரில வாசிகசாலைக் கூட்டத்தில இருக்கிற மாதிரியே இருந்தது.

இதுக்குள்ள நகரசபை அதிகாரி ஒருத்தர் வந்தார். ஒஸ்ரேலியாவிலயே பிறந்து வளர்ந்தவர். "உங்களுக்குக் கிழமைக்கு ஒருநாள் ஒரு அறை தரலாம். ஆனால் என்ன செய்யப்போறியள், ஆர் தலைவர் எண்டு இண்டைக்கே சொல்லவேணும்" எண்டார்.

கெரியில இருந்து வந்த டெனிஸ் எழும்பிக் கடகடவெண்டு கதைச்சார். அதிகாரி, "மன்னிக்கவும்?" எண்டார். டெனிஸ் திருப்பிச் சொன்னார், முதல்முறையைவிட வேகமா. அதிகாரி தலையைச் சொறிஞ்சார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"தனிய இருக்கிற வயசுபோனவையைப் போய்ப் பார்க்கப்போகினமாம். புதுசா வாறவைக்கு வேலையும் வீடும் தேடிக் குடுக்கப்போகினமாம்" எண்டன்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தினம்.

"உங்களுக்கு எப்பிடி விளங்குது?" எண்டார் அதிகாரி.

"யாழ்ப்பாணத்தில எனக்கு இங்கிலிஷ் படிப்பிச்ச பாதிரியார் அயர்லாந்துக்காரர்."

உண்மையில மெல்பனுக்கு வந்த புதுசில எனக்கு விளங்காதது ஒஸ்ரேலியர் கதைச்ச இங்கிலிஷ்தான். அதுக்குப் பிறகு அவை இங்கிலிஷில சொல்லச் சொல்ல, நான் அதை இங்கிலிஷில மொழிபெயர்த்தன்.

"சரி, தலைவர் ஆர்?" எண்டார் அதிகாரி.

டெனிஸ் என்னைப் பார்த்து, "நீ எந்தக் கவுண்டி?" எண்டார்.

"நான் அயர்லாந்தே இல்லை."

"அப்ப ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லை."

எல்லாக் கையும் எழும்பிச்சுது. மோரீன் ரெண்டு கையையும் தூக்கினா.

வீட்டுக்கு வந்தால் சரோஜா வாசலில நிண்டா. "ஏன் இவ்வளவு நேரம்?"

"என்னைத் தலைவராக்கிப் போட்டினம்."

"ஆருக்கு?"

"அயர்லாந்துக்காரருக்கு."

அவ கிடாரத்தை மணந்து பார்த்தா. "இதுக்குள்ள என்ன காய்ச்சினவை?"

"சூப்."

"என்ன சூப்?"

மாட்டெலும்பு சூப். நாங்கள் பொங்கல் பொங்கிறது அந்தக் கிடாரத்திலதான். ஒருமாதிரி உண்மையைச் சொன்னன்.

"தலைவரே, இதை உங்கட சங்கமே வச்சிருக்கட்டும்" எண்டா. சங்கத்தின்ர முதல் சொத்து அது.

தலைவருக்கு முதல் வேலை, ஆஸ்பத்திரியில மைக்கலைப் பார்க்கிறது. ஒருத்தற்ற உதவியும் வேண்டாம், திரும்ப அந்த அறைக்கே போறன் எண்டு அடம்பிடிச்சுக்கொண்டு கிடந்தார். விழுந்ததில கண்ணாடி உடைஞ்சு, என்னை மங்கலாத்தான் தெரிஞ்சிருக்கும்.

"ஐரிஷ் சங்கத்தில இருந்து வாறன்" எண்டன், பாதிரியார் படிப்பிச்ச அதே இங்கிலிஷில.

"நீ எந்தப் பக்கம்?"

"வடக்கு."

கிழவரின்ர முகம் இளகிச்சுது. "அங்க நிலைமை மோசம் எண்டு கேள்விப்பட்டன்."

"ஓம். நல்லாயில்லை."

"வீட்டுக்காரர் இன்னும் அங்கயோ?"

"அம்மாவும் தங்கச்சியும்."

அவர் கையை நீட்டி என்ர கையைப் பிடிச்சார். கொஞ்ச நேரம் விடேல்லை. பிறகு, "உங்கட சங்கம் எங்க கூடுறது?" எண்டு கேட்டார்.

பஸ்ஸில ஏறினாப்பிறகுதான் எனக்கு விளங்கிச்சுது. அவர் கேட்டது அயர்லாந்தின்ர வடக்கை. அங்க அப்ப குண்டுவெடிப்பும் துப்பாக்கிச் சூடும். நான் சொன்னது இலங்கையின்ர வடக்கை. இறங்கிப் போய்த் திருத்தேல்லை. ரெண்டு பேரும் பொய் சொல்லேல்லைத்தானே.

மைக்கல் ஊண்டுகோலோடயும் புதுக் கண்ணாடியோடயும் சங்கத்துக்கு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "வடக்கெண்டு சொன்னாய்" எண்டார். விசயத்தைச் சொன்னன். யோசிச்சுப்போட்டு, "அதுக்கென்ன, கோர்க்கைவிடப் பரவாயில்லை" எண்டார்.

சங்கம் வளர்ந்தது. அந்த அறை போதாமல் பெரிய மண்டபத்துக்கு மாறினம். வந்திறங்கிற குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு வர விமான நிலையத்துக்கு என்னை அனுப்புவினம். என்னைக் கண்டவுடன, வேற நாட்டில இறங்கிட்டமோ எண்டு பயந்தவையும் உண்டு. சரோஜாவும் கடைசியில மண்டபத்துக் குசினிக்கு வந்து, அதே கிடாரத்தில பருப்பு சூப் காய்ச்சினா.

வருசாவருசம் நான் கெஞ்சுவன்: "தயவுசெய்து இந்தமுறை ஒரு அயர்லாந்துக்காரரைத் தெரிவு செய்யுங்கோ." ஆரோ ஒருத்தர், "எந்தக் கவுண்டி ஆளை?" எண்டு கேப்பார். அதோட அந்தக் கதை முடியும்.

பிறகு வேலை மாறி நாங்கள் சிட்னிக்கு, செவன் ஹில்ஸுக்குப் போனம். இனியாவது அவை தங்கட ஆளைத் தலைவராக்குவினம் எண்டு நிம்மதியா இருந்தன்.

மோரீன் போன் பண்ணினா: எனக்குப் பிறகு ஏகமனதாத் தெரிவான தலைவர், மண்டபத்துக்கு முன்னால மீன் பொரிச்சு விக்கிற கிரேக்கராம்.