டிரையருக்குத் துணை

சித்திரை மாதத்தில், திருச்சி வெயிலில், துணி காயவைக்க மெஷின் வாங்குவது என்று முடிவு செய்தேன். உட்கார்ந்துகொண்டு அல்ல, எழுந்து நின்று முடிவு செய்தேன். ஹாலில் யாருமில்லை. இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்கள். அல்லது டாக்டரிடம் அழைத்துப் போயிருப்பார்கள்.

எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். வாளியிலிருந்து எடுத்த வேட்டி கொடிக்குப் போய்ச் சேருவதற்குள் காய்ந்துவிடும். கொஞ்சம் அசந்தால் இஸ்திரியும் ஆகிவிடும். அப்படிப்பட்ட ஊரில் எனக்கு ஏன் இந்தப் புத்தி வந்தது என்றால், காரணம் என் மனைவி கமலவல்லி.

பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு மாசி மாதம் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள். கேடயம் கொடுத்தார்கள். என் பெயர் மாத்ருபூதம். கேடயத்தில் இடம் போதவில்லை என்று 'மாத்ரு'வை விட்டுவிட்டு மீதியை மட்டும் அச்சடித்திருந்தார்கள். போகட்டும். ஸ்ரீரங்கத்தில் சொந்த ஃபிளாட், மூன்றாவது மாடி. மகன் புனேயில். இனிமேல் கமலாவும் நானும்தான், உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கலாம் என்று நினைத்தேன்.

முதல் நாள் காலை பத்து மணிக்குக் கமலா வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். பன்னிரண்டரைக்கு வந்தாள். சாப்பாடு, தூக்கம். நாலு மணிக்குத் துணி எடுக்கப் போனாள். ஆறு மணிக்கு வந்தாள். மறுநாளும் அப்படியே. இரண்டு பேர் துணி. மொத்தம் ஒன்பது உருப்படி. நாலரை மணி நேரம்!

நான் பேப்பரில் செய்தி முடிந்து, விளம்பரம் முடிந்து, கண்ணீர் அஞ்சலி வரை படித்தேன். வீட்டில் என் பக்கம் திரும்பிப் பார்த்தது டேபிள் ஃபேன் ஒன்றுதான். அதுவும் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் நானும் மாடிக்கு ஏறினேன். புடவைகளுக்கு நடுவே கமலாவும் இரண்டாம் மாடி ப்ரியம்வதா மாமியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு சட்டென்று நின்றது.

"என்னங்க, சாவியக் காணோமா?"

"இல்ல... சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா? இந்த வெயில்லயா? போய் உள்ள உக்காருங்க, மயக்கம் வந்துடப் போவுது."

இறங்கினேன். பாதிப் படியில் வரும்போது மேலே மறுபடி சிரிப்பு ஆரம்பித்தது. என்னைப் பற்றி என்றால்கூட எனக்கு வருத்தமில்லை. என்னவென்று தெரிந்தால் போதும்.

அன்றைக்குத்தான் ஹாலில் எழுந்து நின்றேன். துணி வீட்டுக்குள்ளேயே காய்ந்தால் கமலா மாடிக்குப் போக வேண்டியதில்லை. அந்த நாலரை மணி நேரம் எனக்கு!

மெஷின் வந்து இறங்கியது. கமலா அதை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"என்னங்க இது?"

"டிரையர். உன் முட்டி வலிக்காக வாங்கினேன். இனிமே நீ மாடி ஏற வேண்டாம்."

"லிஃப்ட் இருக்கே."

"தூசி இருக்கே. காக்கா இருக்கே."

"முப்பத்தஞ்சு வருஷமா காக்கா இருக்கு. இன்னைக்குத்தான் உங்க கண்ணுல பட்டுச்சா?"

மாட்ட வந்தவர் தைரியராஜ். பெயருக்கு நேர்மாறாக, வாய் திறந்தால் பயமுறுத்தத்தான் செய்தார். சமையலறைக்குப் பின்னால் இருக்கும் பால்கனியில் மெஷினை வைத்து, சூடான காற்று வெளியே போக ஒரு தடித்த குழாயைச் சுவர் வழியாக விட்டார். பிறகு பாடம் ஆரம்பித்தது.

"இந்த வலையப் பாருங்க சார். துணியிலேருந்து உதிர்ற பஞ்சு பூரா இதுலதான் சேரும். ஒவ்வொரு தடவையும் எடுத்துச் சுத்தம் பண்ணணும். பின்னாடி குழாய் மடங்கக் கூடாது, நசுங்கக் கூடாது. சுவத்துக்கும் மெஷினுக்கும் ஒரு சாண் இடைவெளி வேணும். எண்ணெய்க் கறை இருக்கிற துணியப் போடவே கூடாது. காத்து அடைச்சா உள்ள சூடு ஏறும். பஞ்சும் நெருப்பும் பக்கத்துல பக்கத்துல இருந்தா என்ன ஆகும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்கல்ல?"

சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தே பல வருடமாகிறது.

"முக்கியமா ஒண்ணு. ஓடவிட்டுட்டு வீட்டைப் பூட்டிக்கிட்டுப் போகக் கூடாது. தூங்கக் கூடாது. யாராவது ஒருத்தர் இருக்கணும்."

இதுவரை பேசாமலிருந்த கமலா வாய் திறந்தாள். "முழுநேரமும் ஆள் இருக்கணுமா தம்பி?"

"ஆமாம்மா."

கமலா என்னைப் பார்த்தாள். சம்பந்தத்துக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அதான் இவர் இருக்காரே! ரயில் இன்ஜினையே மேய்ச்சவர். எனக்கு மெஷின்னாலே பயம்."

மறுநாள் பத்து மணிக்குத் துணியை டிரையரில் போட்டு, பட்டனை என்னையே அழுத்தச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டினாள்.

"எங்க போற? துணிதான் இங்க காயுதே?"

"நமக்குக் காயுது. பாவம் ப்ரியம்வதா மாமி, அவங்க வீட்டுல டிரையர் இல்லையே. ஒரு கை பிடிக்கலாம்னு போறேன். நீங்க எந்திரிக்காதீங்க. அந்தத் தம்பி சொன்னாருல்ல?"

போய்விட்டாள். நானும் டிரையரும் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிக் கதவுக்குள் என் வேட்டியும் அவள் புடவையும் கட்டிப்பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தன. துணிக்கு இருக்கிற கொடுப்பினை.

அதற்காக நான் தோற்றுவிடவில்லை. டிரையரைச் சுவரோடு ஒட்டித் தள்ளி, கிடைத்த இடத்தில் இரண்டு நாற்காலி போட்டேன். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. அவள் நாற்காலியில் மூன்று நாள் துண்டுதான் உட்கார்ந்தது.

நாலாவது நாள் புதுத் திட்டம். வலையைச் சுத்தம் செய்வதை நிறுத்தினேன். மெஷின் மந்தமாகும், துணி ஈரமாகவே இருக்கும், என்னவென்று பார்க்கக் கமலா இறங்கி வருவாள், வந்தால் உட்காருவாள். இதுதான் கணக்கு. மெஷின் மந்தமானது. ஒரு மணி நேரத்தில் காய்ந்த துணி இரண்டு மணி நேரம் எடுத்தது. பிறகு இரண்டே முக்கால். கமலா வரவில்லை. காவலுக்கு உட்கார்ந்தவன் நான் என்பதால் அந்த இரண்டே முக்கால் மணி நேரமும் நான்தான் உட்கார்ந்தேன். குழி வெட்டியவனும் நான், விழுந்தவனும் நான், மேலே நின்று டார்ச் அடிக்கக்கூட ஆளில்லை.

பத்தாம் நாள் காலை ஒரு வாசனை. முதலில் யார் வீட்டிலோ அப்பளம் சுடுகிறார்கள் என்று நினைத்தேன். டிரையர் மேல் கை வைத்தேன். தோசைக்கல். நிஜமாகவே பயந்துவிட்டேன். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, படிக்கட்டுக்கு ஓடி, "கமலா!" என்று கத்தினேன். முப்பத்தைந்து வருடத்தில் அவள் பெயரை அவ்வளவு சத்தமாக நான் கூப்பிட்டதில்லை.

முட்டி வலிக்காரி இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தாள். பின்னாலேயே ப்ரியம்வதா மாமி.

"ரங்கநாதா! என்ன இப்படி தீயற வாசனை வர்றதே!"

"நீங்க தள்ளி நில்லுங்க மாமி" என்ற கமலா நேராக என் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். "சுட்டுக்கிட்டீங்களா?"

"இல்ல."

சூடு ஆறும்வரை காத்திருந்தாள். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு மெஷினை முன்னால் இழுத்தாள். பின்குழாய் சுவரில் நசுங்கிச் சப்பையாகக் கிடந்தது. அதைக் கழற்றி உள்ளே கைவிட்டு இழுத்தாள். பஞ்சு வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஒரு தலையணைக்குக் காணும். வலையையும் உருவிப் பார்த்தாள். கம்பளி நெய்திருந்தது.

"உனக்கு மெஷின்னா பயம்னு சொன்னியே?"

"மெஷினோட வந்த புத்தகத்தைப் பூரா படிச்சுட்டுத்தான் பயந்தேன்" என்றாள்.

மாமி நிலவரம் புரிந்து, "நான் அப்பறமா வரேன் கமலா" என்று நழுவிவிட்டாள். கமலா துண்டை எடுத்துப்போட்டுவிட்டு அந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் தடவையாக.

"வேணும்னுதானே சுத்தம் பண்ணாம விட்டீங்க?"

"ஆமா."

"ஏன்?"

"நீ கீழ வருவேன்னு."

கமலா சிரிக்கவில்லை. கையில் இருந்த பஞ்சை உருட்டிக்கொண்டே பேசினாள்.

"முப்பத்து நாலு வருஷம் ராத்திரி வீட்டுக்கு வந்து பேப்பர், டிவி, சாப்பாடு. இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேப்பேன். 'ம்'ம்பீங்க. அந்த ஒரு 'ம்'மை வெச்சுக்கிட்டு நான் எத்தனை நாள் பேசறது? இந்த வீட்டுக்கு வந்த புதுசுல, ஒருநாள் மாடியில மாமி கேட்டாங்க, 'ஏன் கமலா, முகம் வாடியிருக்கே, என்ன விஷயம்?'னு. என்னை அப்படி யாரும் கேட்டு எவ்வளவோ நாளாயிருந்துச்சு. அன்னைலேருந்துதான் துணியை ஒவ்வொண்ணா காயப்போடறேன்."

எனக்கு வாயிலிருந்து 'ம்' வரப் பார்த்தது. கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"சரி, இனிமே மெஷின் ஓடி முடியற வரைக்கும் உங்க பக்கத்துல உக்காருவேன். நடுவுல எந்திரிக்க மாட்டேன். போதுமா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

இரண்டே முக்கால் மணி நேரம்! மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். போதாது என்று பரணில் ஏறி, மகன் காலேஜில் போட்ட பழைய ஜீன்ஸ் இரண்டு, ஒரு கம்பளி எல்லாவற்றையும் இறக்கி அழுக்குக் கூடையில் போட்டேன். நாலு மணி நேரம் உறுதி.

மறுநாள் துவைத்து முடித்த துணியைக் கமலா பிரித்தாள்.

"தடிப்புத் துணி தனி, மெலிசு தனி. ஒண்ணா போட்டா இது கருகும், அது காயாது." வாஷிங் மெஷினில் இன்னொரு தடவை வேகமாகச் சுற்றவிட்டுத் தண்ணீரை ஒட்டப் பிழிந்தாள். வலையைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தாள். குழாய் நேர்க்கோடு. சுவருக்கு ஒரு சாண். டிரம்மில் பாதிதான் துணி. "ஜீன்ஸையும் கம்பளியையும் நான் அப்பறம் மாடியில போட்டுக்கறேன்" என்றாள்.

பட்டனை அழுத்திவிட்டுச் சொன்னபடி உட்கார்ந்தாள். மெஷின் ரயில்போல் ஓடியது. ஐந்து நிமிடம் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பேசுங்க. இதுக்குத்தானே கேட்டீங்க?"

என்ன பேசுவதென்று தெரியவில்லை. என்னோடு இருபது வருடம் ஒன்றாகச் சாப்பிட்ட பிச்சமுத்து ஓய்வு பெற்று வையம்பட்டிக்குப் போனதைச் சொன்னேன். போனில் கூப்பிட்டால் "சாப்பிட்டியா?" என்று கேட்கிறான், நானும் கேட்கிறேன், பிறகு இரண்டு பேருக்கும் வார்த்தை இல்லை என்றேன். அவள் காது கொடுத்துக் கேட்டாள். அவள் கேட்பது நன்றாக இருந்தது. அதனால் யாரிடமும் சொல்லாததையும் சொல்லிவிட்டேன்.

"ரிடையர் ஆன மறுநாள் காலைல எந்திரிச்சு, குளிச்சு, யூனிஃபார்ம் போட்டு, வாசக்கதவு வரைக்கும் போயிட்டேன் கமலா. அப்பறம்தான் ஞாபகம் வந்துச்சு. கழட்டி வெச்சுட்டு மறுபடி வந்து படுத்துக்கிட்டேன்."

"தெரியும். முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

"பாத்தியா? ஏன் ஒண்ணும் கேக்கல?"

கமலா என் பக்கம் நன்றாகத் திரும்பினாள். "அதுவா..." என்று ஆரம்பித்தாள்.

பீப். பீப். பீப்.

துணி காய்ந்துவிட்டது. முப்பத்திரண்டே நிமிடம்.

கமலா எழுந்தாள். ஜீன்ஸையும் கம்பளியையும் வாளியில் போட்டாள்.

"மீதி நாளைக்கு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

நாளைக்குத்தானே, பரவாயில்லை என்று நினைத்துப் பால் வாங்கக் கிளம்பினேன். லிஃப்ட் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'மேல்நிலைத் தொட்டி சுத்தம் செய்யப்படுவதால் நாளை முதல் மூன்று நாட்களுக்கு யாரும் துணி துவைக்க வேண்டாம். இப்படிக்கு, மா. கமலவல்லி, செயலாளர், குடியிருப்போர் சங்கம்.'

அவள் செயலாளராகி இரண்டு வருடமாகிறதாம். வாட்ச்மேன் சொன்னார்.